பயிற்சி இல்லாத ஆள் தேவை

"அத்தான், பின்னி எடுத்துட்டேன்!" என்றான் மைத்துனன் போனில்.

பரிசோதகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதே கால். பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து குழு வருகிறது.

"எதைடா பின்னினே?"

"டிரெய்லரைத்தான். எட்டு நாளா ஒரு லாரி டிரைவரைப் பிடிச்சு, கடை திறக்கறதுக்கு முன்னாடி தினமும் பயிற்சி. ரிவர்ஸ்ல வளைச்சு வளைச்சு விடறேன். இன்னைக்குப் பாருங்க, குழு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும்."

"உன்னை எவன்டா பயிற்சி எடுக்கச் சொன்னான்?"

"என்ன அத்தான் இப்படிக் கேக்கறீங்க? இது அக்கா விஷயம். நான் போய் நாலு பேர் முன்னாடி சொதப்பி வைப்பேனா?"

சொதப்பி வைப்பான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் பரிசோதகர் அவனைத் தேர்ந்தெடுத்திருந்தார். மைத்துனன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்பவன், சொந்தக் காரைச் சொந்த வாசல் கதவின் மேல் இரண்டு முறை ஏற்றியவன். அவனைவிடப் பொருத்தமான ஆள் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்கமாட்டான். அந்த ஒரு திறமையையும் எட்டு நாளில் பாழாக்கிக்கொண்டு வந்து நிற்கிறான்.

விஷயம் இதுதான். சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர்கள் டிரெய்லர் இழுக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனை தேவையா, அல்லது கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு டிரெய்லர் இழுக்கத் தானாகவே தெரிந்துவிடுமா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு ஒவ்வொரு சோதனை மைதானமாகப் போகும். கார் உரிமம் மட்டும் உள்ள, பயிற்சியே இல்லாத ஒரு ஆளை அந்த மைதானமே ஏற்பாடு செய்ய வேண்டும். அவர் வரிசையாக வைத்த கூம்புகளுக்கு நடுவே டிரெய்லரைப் பின்னால் செலுத்திக் காட்ட வேண்டும். தடுமாறினால் சோதனை தேவை. சுலபமாகச் செய்துவிட்டால் தேவையில்லை.

தேவையில்லை என்று ஆகிவிட்டால் டிரெய்லர் பரிசோதகர் என்ற பதவியும் தேவையில்லை. அதற்கு அடுத்து அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று மேசை மேலிருந்த கடிதம் சொன்னது. எல்லையோர அலுவலகத்தில் கோப்புப் பிரிவு. பேருந்தில் ஒன்பது மணி நேரம்.

அவருக்குக் கோப்பும் ஒன்றுதான், கூம்பும் ஒன்றுதான். ஆனால் அவர் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரி இங்கிருந்து இரண்டாவது தெருவில் இருக்கிறது. எல்லையோர ஊரில் அந்த எந்திரம் இல்லை. போன் போட்டு மூன்று தடவை விசாரித்துவிட்டார். மூன்றாவது தடவை எடுத்தவர், "ஏன் சார் அதையே அதையே கேக்கறீங்க? கேட்டா வந்துடுமா?" என்று எரிந்து விழுந்தார்.

"அத்தான், லைன்ல இருக்கீங்களா? வேணும்னா நான் தெரியாத மாதிரி ஓட்டறேன். நாலு கூம்பைச் சாய்ச்சுட்டா போதும்ல?"

பரிசோதகர் ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்துக்காகவே வெட்கப்பட்டார்.

"வேண்டாம். பயிற்சி எடுத்துட்டே, உனக்குத் தகுதி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காகூட இரு. எந்திரத்துல இருக்கறப்ப அவளுக்குக் குளிரும். போர்வையைக் கால்வரைக்கும் இழுத்து விடு."

போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தார். வானம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. நேற்றைய மழை பள்ளங்களில் தேங்கி நின்றது. பன்னிரண்டு செம்மஞ்சள் கூம்புகள் வரிசையாக நின்றன. அலுவலக ஜீப்பும், அதன் பின்னால் மஞ்சள் பெயிண்ட் அடித்த இரண்டு சக்கர டிரெய்லரும் தயார். ஆள்தான் இல்லை.

அலுவலகத்தில் அவருக்குக் 'கூம்பு சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னாலும் அவர் நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டார். பத்தொன்பது வருடமாக அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை என்று வைத்திருந்தார். சோதனைக்கு வருபவர் ஆணா பெண்ணா, கிழமா குமரியா, எதுவும் அவருக்கு வேண்டாம். கையில் பலகை, பார்வை சக்கரத்தின் மேல், உதட்டில் விண்ணப்ப எண். "ஐநூற்று நாற்பத்திரண்டு, வண்டியை எடுக்கலாம்." "ஐநூற்று நாற்பத்திரண்டு, தேறவில்லை." அவ்வளவுதான் பேச்சு. அழுகிறவர்கள் டிரெய்லரைப் பார்த்து அழுதுவிட்டுப் போக வேண்டியதுதான்.

வாளி கிணுகிணுக்கும் சத்தம் கேட்டது. துப்புரவு அம்மாள் நடைபாதையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆறு வருடமாக இங்கே வேலை செய்கிறாள். அவளைப் பற்றிப் பரிசோதகருக்குத் தெரிந்ததெல்லாம் நீல ரப்பர் கையுறை, வாளிச் சத்தம், ஜீப்பைக் கழுவுவதற்காகக் குழாயடிவரைக்கும் அவளே ஓட்டிக்கொண்டு போவாள் என்ற செய்தி. ஆக, கார் உரிமம் இருக்கிறது.

பரிசோதகருக்குப் பளிச்சென்றது. துடைப்பம் பிடிக்கிறவளுக்கும் டிரெய்லருக்கும் என்ன சம்பந்தம்? கூம்பெல்லாம் சின்னாபின்னம் ஆகிவிடும்.

"ஏம்மா, இங்கே வா."

வாளி நின்றது.

"மேலிடத்துலேருந்து குழு வருது. அவங்க முன்னாடி இந்த டிரெய்லரை ரிவர்ஸ்ல விட்டுக் காட்டணும். நீதான் சரியான ஆளு."



"என்னையா சார்?" குரல் கம்மியிருந்தது. "இத்தனை பேர் இருக்கறப்ப… என்னையா சொல்றீங்க?"

பயப்படுகிறாள் என்று நினைத்தார் பரிசோதகர். நல்ல சகுனம்.

"உன்னைத்தான். உனக்கு எப்படி வருதோ அப்படியே ஓட்டு. வேற எதுவும் யோசிக்காதே."

"உங்க பேரைக் காப்பாத்திடுவேன் சார்."

காப்பாற்றினால்தான் ஆபத்து என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அது மைத்துனன் சொன்ன வழி. தெரியாதவள் தெரியாத மாதிரி ஓட்டப் போகிறாள், அதில் பொய் எங்கே வந்தது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாசலில் கார் ஹாரன் கேட்டது.

குழுவில் இரண்டு பேர். தலைவியம்மாள் மெலிந்தவர், கையில் தடித்த கோப்பு. வரும்போதே கால் ஷூவில் சேறு ஆகிவிட்ட சலிப்பு. இன்னொருவர் உறுப்பினர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். ஏறும்வரைக்கும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு மைதானம் பார்த்துட்டோம்," என்றார் தலைவி. "மூணுல தேவைன்னு வருது, மூணுல தேவையில்லைன்னு வருது. இதுதான் கடைசி. நான் ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன் சார். இந்தச் சோதனைக்கு ஜனங்க எட்டு மாசம் வரிசையில நிக்கறாங்க. ஒரு மரக்கடைக்காரர் நாலு பலகை ஏத்திக்கிட்டுப் போக எட்டு மாசம் காத்திருக்கணுமா? கார் ஓட்டறவனுக்குக் கண்ணு இருக்கு, கண்ணாடி இருக்கு. பார்த்து ஓட்டிட்டுப் போறான்."

பரிசோதகர் அவருடைய ஷூவைப் பார்த்துப் பதில் சொன்னார். "பார்த்து ஓட்டறது முன்னாடி போறப்ப சரி மேடம். பின்னாடி போறப்ப டிரெய்லர் நாம சொன்னதைக் கேக்காது. இடது பக்கம் திருப்பினா வலது பக்கம் போகும். இறக்கத்துல பின்னாலேருந்து தள்ளும். வேகமா போனா வால் ஆடும். ஆட ஆரம்பிச்சப்புறம் கத்துக்க நேரம் இருக்காது."

"உங்க அனுபவத்துல அப்படி ஏதாவது?"

அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம் மட்டும் ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

"வேலையில சேர்ந்த முதல் வருஷம். ஒருத்தர் சோதனைக்கு வந்தார். டிரெய்லரை வண்டியோட பிணைக்கற சங்கிலியை மாட்ட மறந்துட்டார், தேறவில்லைன்னு சொன்னேன். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். முகத்தைப் பார்த்தேன், மனசு கேக்கலை. தேறினார்னு போட்டுட்டேன். மூணு வாரம் கழிச்சு ஒரு மேட்டுல அவர் டிரெய்லர் கழண்டு போச்சு. கீழே ஒரு பொண்ணு நடந்து போய்க்கிட்டிருந்தது. ஒரு கால் போச்சு. அன்னையிலேருந்து நான் முகம் பார்க்கறதில்லை மேடம்."

உறுப்பினர்கூடக் கடிகாரத்திலிருந்து ஒரு நொடி நிமிர்ந்தார்.

"வருத்தமான விஷயம்தான்," என்றார் தலைவி மெதுவாக. "ஆனா அவர் சோதனைக்கு வந்தவர்தானே? சோதனை இருந்தும் நடந்ததுதானே?"

 தன் வாயாலேயே ஒரு ஓட்டு போய்விட்டதை உணர்ந்து பரிசோதகர் அவசரமாக அடுத்த ஆயுதத்தை எடுத்தார்.

"நல்லவிதமாவும் ஒண்ணு சொல்றேன் மேடம். எழுநூற்றுப் பதினாறு. போன வருஷம் தேறின ஆள். முதல் தடவை விளக்கு ஒயரைப் பார்க்கலை, தேறவில்லை. ரெண்டாம் தடவை சங்கிலி, தேறவில்லை. மூணாம் தடவை ஒரே ஒரு கூம்பு, தேறவில்லை. நாலாவது தடவை வந்தப்ப, மேடம், கோடு போட்ட மாதிரி உள்ளே போச்சு. என் பத்தொன்பது வருஷத்துல அப்படி ஒரு ரிவர்ஸ் பார்த்ததில்லை. குறிப்புப் பகுதியில 'நன்று'ன்னு எழுதினேன். அதுவரைக்கும் யாருக்கும் எழுதினதில்லை. மூணு தடவை திருப்பி அனுப்பலைன்னா அந்த ஆள் உருவாகியிருக்கமாட்டார். சோதனைன்னா அதுதான்."

தலைவி முதல் முறையாகப் பேனாவைத் திறந்தார். "அவரைக் கூப்பிட முடியுமா? நாங்க பார்க்கணும்."

"யாருன்னு தெரியாதே மேடம்."

"நாலு தடவை வந்தார்னு சொன்னீங்க?"

"எண்தான் தெரியும். பேரெல்லாம் தலைமை அலுவலகத்துப் பதிவேட்டுல இருக்கும்."

"அந்தப் பதிவேட்டை எடுக்க எங்களுக்கே மூணு மாசம் ஆகும்," என்று தலைவி பேனாவை மூடினார். "சரி, உங்க பயிற்சி இல்லாத ஆளைக் கூப்பிடுங்க."

துப்புரவு அம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு, தலையை வாரிக்கொண்டு, ஜீப்பருகில் நின்றிருந்தாள். தூரத்திலிருந்தே ஒரு வணக்கம் வைத்தாள்.

"இவங்க பயிற்சி எடுத்தவங்க இல்லையே?" என்று தலைவி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இல்லை மேடம். எங்க ஆபீஸைக் கூட்டிப் பெருக்கறவங்க." சொல்லிவிட்டு வரப்போகும் அசம்பாவிதத்தைப் பார்க்க மனமில்லாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வண்டியைச் சுத்தி என்னமோ பண்றாங்களே?" என்றார் உறுப்பினர். "குனியறாங்க, நிமிர்றாங்க, பின்னாடி போறாங்க…"

"தொடைப்பாங்க சார். கை சும்மா இருக்காது."

ஜீப் உறுமியது. பரிசோதகர் கண்ணை மூடிக்கொண்டு கூம்பு விழும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டினார். ஒன்றுகூட விழவில்லை. கண்ணைத் திறந்தபோது டிரெய்லர் வெள்ளைக் கோட்டுப் பெட்டிக்குள் அச்சில் வார்த்த மாதிரி நின்றது. தரையில் இருந்த ஈரத் தடம்கூட வளையவில்லை.

"அடேங்கப்பா!" என்றார் உறுப்பினர்.

"குருட்டு அதிர்ஷ்டம் மேடம்," என்றார் பரிசோதகர், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இடம் தாராளமா இருக்கு. தெருவுல இவ்வளவு இடம் கிடைக்காது." ஓடிப்போய்ப் பன்னிரண்டு கூம்புகளையும் ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தார். "இன்னொரு தடவை!"

அவள் இன்னொரு தடவை செய்தாள். முதல் தடவை சுமார் என்று சொல்லும்படி இரண்டாவது தடவை இருந்தது. கடைசிக் கூம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ளங்கை அகலம்தான் மீதி. இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு, ஆனால் அது பரிசோதகருக்குத் தெரியாது. அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படிம்மா இவ்வளவு சுலபமா?" என்று தலைவி கேட்டார்.

"எல்லாம் சார் புண்ணியம் மேடம்," என்றாள் அவள்.

உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவிகூடப் புன்னகைத்தார். பரிசோதகருக்கு அந்தப் பணிவு தாங்கவில்லை. பேரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஆளையே கவிழ்த்துவிட்டாளே.

பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"என்ன ஆச்சு?" குரல் எந்திரச் சத்தத்துக்கு நடுவிலிருந்து மெலிதாக வந்தது.

"நடந்துக்கிட்டிருக்கு."

"உங்க குரலைக் கேட்டா ஊத்திக்கிச்சுன்னு தெரியுது. விடுங்க. எங்கே போகச் சொல்றாங்களோ அங்கே போவோம்."

"அங்கே எந்திரம் இல்லை."

"இல்லேன்னா இல்லை. அதுக்காக எங்கேயும் போய்க் கெஞ்சிக்கிட்டு நிக்காதீங்க. உங்களுக்கு வராது." கொஞ்சம் நிறுத்தி, "போர்வையை மூக்குவரைக்கும் மூடி வெச்சிருக்கான் என் தம்பி. மூச்சு முட்டுது. அவன்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றாள்.

 பரிசோதகர் போனை வைத்துவிட்டு நேராகத் தலைவியின் ஷூவுக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க. பயிற்சியே இல்லாத இன்னொரு ஆள் இருக்கு. சத்தியமா இல்லாத ஆள்."

"யாரு?"

"நான்தான்."



"புரியலை," என்றார் தலைவி. "பத்தொன்பது வருஷமா டிரெய்லர் சோதனை பண்றீங்க."

"பண்றேன் மேடம். ஓட்டினதில்லை. வேலைக்குச் சேர்றப்ப கார் உரிமம் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன். ஒரு பலகையும் பேனாவும் குடுத்தாங்க. அப்புறம் யாரும் எதுவும் கேக்கலை."

உறுப்பினர் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரிசோதகருக்குக் காது சூடானது. எத்தனை பேரைத் 'தேறவில்லை' என்று அனுப்பியிருப்பார்! அவர்களில் ஒருவன் இப்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருந்தால் கல்லை எடுத்திருப்பான். ஆனால் மானம் போனால் போகட்டும். இன்று அவர் தாறுமாறாக ஓட்டினால் போதும். தடுமாற்றம் நடிப்பாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, தானாக வரும். பொய்யும் இல்லை, பித்தலாட்டமும் இல்லை.

"உட்காருங்க பார்க்கலாம்," என்றார் தலைவி.

ஜீப்பில் ஏறினார். கண்ணாடியில் மஞ்சள் டிரெய்லர் தெரிந்தது. இத்தனை வருடமும் வெளியிலிருந்து பார்த்ததை உள்ளிருந்து பார்க்க விசித்திரமாக இருந்தது. பின் கியர் போட்டு, நேர்மையாக, தன்னால் முடிந்த அளவுக்கு ஓட்ட ஆரம்பித்தார்.

என்ன கொடுமை பாருங்கள். டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டது. பத்தொன்பது வருடம் சக்கரத்தை மட்டுமே பார்த்த கண், அடுத்து அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கு முன்னால் தெரிந்து வைத்திருந்தது. கையும் அதன் பின்னாலேயே போனது. ஒரு கூம்பு தாண்டியது, இரண்டு தாண்டியது. ஆறாவது கூம்பில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. மனைவிக்கு உடம்பு கெட்டதிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. வந்த வேகத்திலேயே அது போய்விட்டது. ஐயோ, தேறப் போகிறேனே!

அப்போதுதான் அவர் தன் வாழ்நாளில் முதல் முறையாகத் தனக்காக ஒரு திருட்டுத்தனம் செய்தார். எட்டாவது கூம்பருகே ஸ்டியரிங்கை வேண்டுமென்றே ஒரு வெட்டு வெட்டினார். அந்த நேரம் பார்த்து டிரெய்லர் இடது பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டிருந்தது. அவர் வெட்டிய வெட்டில் அது நேராகிக்கொண்டது. நேராகி, சாவகாசமாகப் பெட்டிக்குள் போய் நின்றது.

துப்புரவு அம்மாள் கை தட்டினாள். மைதானத்தில் அவள் ஒருத்திதான் தட்டினாள்.

தலைவி ஜீப்பின் முன்மூடி மேல் கோப்பை விரித்து எழுதினார். எழுதி முடித்ததும் பரிசோதகருக்கே படித்துக் காட்டினார். கூட்டுகிறவருக்கும் வருகிறது, கூம்பு வைக்கிறவருக்கும் வருகிறது, ஆகவே கார் உரிமம் போதுமானது என்று அதற்குப் பொருள். வார்த்தைகள் மட்டும் அலுவலகத் தமிழில் இருந்தன.

"உங்க நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றார். "ஓட்டினதே இல்லைன்னு நாலு பேர் முன்னாடி ஒத்துக்க யாருக்கும் மனசு வராது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கேக்கறேன். வேற ஏதாவது சொல்லணுமா? சொந்த விஷயமா இருந்தாலும் பரவாயில்லை."

இரண்டாவது தெருவில் ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொல்லலாம். அங்கே மூக்குவரை போர்வையோடு ஒருத்தி படுத்திருக்கிறாள் என்று சொல்லலாம். தலைவி இரக்கம் உள்ளவர், குரலிலேயே தெரிந்தது. முகத்தைப் பார்த்துச் சொன்னால் ஒருவேளை மாற்றி எழுதிவிடுவார். அதேபோல மாற்றி எழுதிய ஒரு தாளால்தான் ஒரு பெண்ணுக்குக் கால் போனது. தான் யாருக்கும் தராத இரக்கத்தை இன்னொருவரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

"ஒண்ணும் இல்லை மேடம்," என்று ஷூவிடம் சொன்னார்.

தலைவி கையெழுத்திட்டார். உறுப்பினரும் கடிகாரத்தைப் பார்த்தபடியே கையெழுத்திட்டார். "மத்தியானமே மேலே போயிடும். நாளையிலேருந்து நடைமுறை," என்றார் போகிற போக்கில். கார் சேற்றை வாரி அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போயிற்று.

பரிசோதகர் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். நாளைக்கு யாரும் விரிக்கப் போவதில்லை. அடுக்கி முடித்துவிட்டு டிரெய்லர் விளிம்பில் உட்கார்ந்தார். தூறல் போட ஆரம்பித்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. வீட்டில் எதை எடுத்துப்போவது, எதை விட்டுப்போவது என்று யோசிக்கப் பார்த்தார். மனசு அந்த எந்திரத்தைத் தாண்டி நகர மறுத்தது.

வாளிச் சத்தம் பக்கத்தில் வந்து நின்றது.

"சார், நனையறீங்களே. ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? நான் எதையாவது சரியா பண்ணலையா?"

"ரொம்ப சரியா பண்ணிட்டேம்மா. அதான்." குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "சோதனையை எடுத்துட்டாங்க. பயிற்சி இல்லாதவங்களே இப்படி ஓட்டறப்ப சோதனை எதுக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. என் வேலையும் போச்சு, ஊரை விட்டும் போகணும். வீட்டுல உடம்பு சரியில்லாதவளை வெச்சுக்கிட்டு…" 

வாளி தரையில் வைக்கப்பட்டது. 

"என்கிட்ட ஒரே ஒரு சாட்சி இருந்தது," என்றார் அவர், தனக்குத்தானே பேசுகிறவர் போல. "போன வருஷம் ஒரு ஆள். மூணு தடவை தோத்து, நாலாவது தடவை ஜெயிச்ச ஆள். எழுநூற்றுப் பதினாறு. அந்த ஆளை மட்டும் கண்டுபிடிச்சு இவங்க முன்னாடி ஓட்ட வெச்சிருந்தேன்னா, சோதனை ஒரு மனுஷனை எப்படி ஆக்குதுன்னு அவங்களே கண்ணால பார்த்திருப்பாங்க. இப்படி எழுத அவங்களுக்குக் கையே வந்திருக்காது."

தூறல் வலுத்தது. பதில் வராததால், பத்தொன்பது வருடப் பழக்கத்தை மறந்து, பரிசோதகர் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் ஈர முடி ஒட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"அவங்க பார்த்தாங்களே சார்," என்றாள் துப்புரவு அம்மாள். "எழுநூத்திப் பதினாறு நான்தானே? அது தெரிஞ்சுதானே காலையில என்னைக் கூப்பிட்டீங்க?"